குடியரசுத் தலைவரும் திண்டிவனத்து வாக்கும்

நாட்டின் முதற்குடிமகனை நாம் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாம் தெரிந்தனுப்பிய சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களே நமக்காக வாக்களிக்கின்றனர். அவ்வேளையில் தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்குக்கு மதிப்பு 176. மாநிலத்தின் 1971-ஆம் ஆண்டு மக்கள்தொகையை 234 உறுப்பினர்களுக்குப் பகிர்ந்து, வருவதை ஆயிரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் இது. சென்னையில் செல்வர் வாழும் தொகுதியின் உறுப்பினருக்கும் 176. திண்டிவனம், வானூர் தனித்தொகுதிகளின் உறுப்பினர்களுக்கும் 176. கணக்கில் ஏற்றத்தாழ்வு இல்லை. ஆனால் அந்த வாக்கைச் செலுத்தும் இடத்திற்கு யார் வரலாம், யார் வரலாகாது என்ற கேள்விக்கு நம் மண்ணில் நீண்டதொரு வரலாறு உண்டு.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1930-இல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றார். தாழ்த்தப்பட்டோர் தம் பேராளரைத் தாமே தெரிந்துகொள்ளும் தனி வாக்காளர் முறை வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 1932 ஆகஸ்டில் ஆங்கிலேய அரசு அதனை வழங்கியது. எரவாடா சிறையில் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24-ஆம் நாள் புனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மாகாண மன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன; அவற்றுள் சென்னை மாகாணத்துக்கு 30. இடங்கள் பெருகின, ஆனால் அவ்விடங்களில் அமர்வோரை இறுதியில் தெரிவுசெய்யும் உரிமை எல்லாச் சாதியினர்க்கும் பொதுவாயிற்று. சிறுபான்மையினரின் பேராளர் தம் மக்களுக்குக் கடன்பட்டவரா, தமக்கு வெற்றி தேடித்தந்த பெரும்பான்மையினருக்குக் கடன்பட்டவரா? அன்று எழுந்த இவ்வினா இன்னும் ஓயவில்லை.

விடுதலைக்குப் பின் வந்த முதற் பொதுத்தேர்தலில் திண்டிவனம் மக்களவைத் தொகுதி இருவரைத் தேர்ந்தெடுத்தது. அத்தகைய தொகுதியில் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒருவருக்கே அளித்தல் கூடாது. ஒதுக்கீட்டுக்குரிய வேட்பாளர்களுள் மிகுதியான வாக்குப் பெற்றவருக்கு ஒதுக்கப்பட்ட இடம். எஞ்சியோருள் முதல்வராய் நிற்பவருக்குப் பொது இடம். 1957-இல் ஆந்திரத்துப் பார்வதிபுரம் தொகுதியில் இம்முறை எதிர்பாராத விளைவைத் தந்தது. ஒதுக்கப்பட்ட இடத்தை ஒரு பழங்குடியினர் வென்றார். பொது இடத்தையும் சூரி தோரா என்னும் பழங்குடியினரே வென்றார். தோற்றவர் வி. வி. கிரி. அவர் வழக்காடினார். பழங்குடியினர் பொது இடத்திலும் வெல்லலாம் என்று 1959-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1961-இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளே சட்டத்தால் நீக்கப்பட்டன. தோற்ற கிரி 1969-இல் குடியரசுத் தலைவரானார். வென்ற சூரி தோராவின் பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்?

வாக்குச்சீட்டு எல்லாவற்றையும் தந்துவிடவில்லை என்பதை நம் விழுப்புரமே அறியும். 1978 ஜூலையில் அந்நகரில் மூண்ட சாதிக் கலவரத்தில் தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். கால் நூற்றாண்டாக வாக்குச்சாவடியில் சமமாய் நின்றவர்கள், தெருவில் சமமாக நடக்க இயலாதிருந்தனர். பின்னர் 2008-ஆம் ஆண்டின் தொகுதிச் சீரமைப்பில் திண்டிவனம் மக்களவைத் தொகுதி மறைந்து, விழுப்புரம் தனித்தொகுதி தோன்றியது. திண்டிவனம் சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதியாயிற்று.

தனித்தொகுதி என்றால் முகஞ்சுளிப்போர் உண்டு. அது எத்தகைய படிக்கட்டு என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். கேரளத்து உழவூரில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்த கே. ஆர். நாராயணன், ஒற்றப்பாலம் தனித்தொகுதியில் மும்முறை வென்றவர். 1997-இல் 9,56,290 வாக்கு மதிப்புகள் பெற்று, எதிர்நின்ற டி. என். சேஷனின் வைப்புத்தொகையும் பறிபோகும்படி வென்று, முதல் தலித் குடியரசுத் தலைவரானார். 2022-இல் அப்பதவியை ஏற்ற முதல் பழங்குடிப் பெண்ணான திரௌபதி முர்மு, ஒடிசாவின் ராய்ரங்பூர் தனித்தொகுதியிலிருந்து சட்டமன்றம் புகுந்தவர். ஊர்க்கோடியிலிருந்து புறப்பட்ட இவ்விருவரும் தனித்தொகுதி வழியே பொதுவாழ்வில் ஏறி வந்தவர்கள்.

இங்கேதான் நம் நெஞ்சைத் தொடும் கேள்வி பிறக்கிறது. திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூரில் தலித் கிறித்தவர் ஒருவர் வாழ்கிறார் என்று கொள்வோம். அவர் அத்தொகுதியில் வாக்களிக்கலாம். வேட்பாளராக நிற்க முடியாது. 1950-ஆம் ஆண்டின் பட்டியலினத்தார் ஆணையில் உள்ள மூன்றாம் பத்தி அவரைத் தடுக்கிறது. அப்பத்தி முதலில் இந்துக்களை மட்டுமே ஏற்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டது. கிறித்தவரும் முஸ்லிம்களும் வெளியே நின்றனர். தமிழ்நாடு தலித் கிறித்தவரைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்துள்ளது. அதனால் தனித்தொகுதியின் கதவு திறவாது. பழங்குடியினர்க்கோ இத்தகைய மதத்தடை இல்லை. கத்தோலிக்கரான காரோ பழங்குடித் தலைவர் பி. ஏ. சங்மா, 2012-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கே போட்டியிட்டார். அமெரிக்காவில் 1928-இல் ஆல் ஸ்மித் கத்தோலிக்கர் என்பதால் பெரும் வெறுப்புக்கு ஆளாகித் தோற்றார். 1960-இல் கென்னடி வென்றார். அங்கே தடுத்தது மக்கள் மனம். அது மாறியதும் வழி பிறந்தது. இங்கே தடுப்பதோ எழுதி வைத்த சட்டம்.

மதம் மாறினால் சாதி அகன்றுவிடும் என்பது அப்பத்தியின் அடிப்படை. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்னும் கிறித்தவர், தம்மினத் தொழிலாளருக்கு அரசு தந்த இலவசப் பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை சென்றார். மதம் மாறிய பின்னும் அதே அளவிலான இன்னல் தொடர்வதற்குச் சான்று போதாது என்று 1985-இல் அவர் வழக்கு தள்ளப்பட்டது. மூன்றாம் பத்தியை நீக்கலாம் என்று 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. 2022-இல் நீதியரசர் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைந்தது.

நீதிமன்றம் கேட்ட சான்று எங்கே இருக்கிறது? நம் ஆலயங்களில், நம் கல்லறைத் தோட்டங்களில், நம் திருமண ஓலைகளில் இருக்கிறது. அரசின் முன் நின்று, சாதி எங்களை விடவில்லை என்கிறோம். ஆலயத்தினுள் அச்சாதியைக் காத்துக்கொள்கிறோம். தேர்ப்பவனி எத்தெருவழியே செல்லும், பங்குப்பேரவையில் யார் அமர்வார் என்பவை இன்றும் நம்மூர்களில் வழக்காகவில்லையா?

தொடக்கத் திருச்சபையிலும் இத்தகையதொரு முறையீடு எழுந்ததைத் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் கூறுகிறது. அன்றாடப் பகிர்வில் தங்கள் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசியோர் முணுமுணுத்தனர். திருத்தூதர்கள் அம்முணுமுணுப்பை அடக்கவில்லை. ஆறுதல் சொல்லி அனுப்பவும் இல்லை. பந்தியைக் கவனிக்க எழுவரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. குறை சொன்ன சிறுபான்மையினரின் பக்கத்திலேயே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

மூன்றாம் பத்தியைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. நம் பங்குப்பேரவையின் உறுப்பினர் பட்டியலோ நம் கையிலேயே இருக்கிறது. அடுத்த முறை அதனை எழுத அமரும்போது, அதில் யார் பெயர் இதுவரை இடம்பெறவே இல்லை என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுவோம்.