காற்றின் பெயர் பெற்ற நோய்: கேமரன் மலைத் தோட்டத் தமிழரும் பக்கவாதமும்

மலேசியாவின் மூன்று பெரிய இனத்தாரும் ஒரு நோய்க்குப் பெயரிட்டபோது ஒரே திசையில் எண்ணியிருக்கின்றனர். தமிழர் அதனைப் பக்கவாதம் என்றனர்; வாதம் என்பது காற்று. மலாய்க்காரர் ‘ஆங்கின் அஹ்மார்’ என்றனர். செங்காற்று என்பது அதன் பொருள். சீனர் ‘சோங் ஃபெங்’ என்றனர். காற்றால் தாக்குண்ணல் என்பது அதன் பொருள். பெயரில் இத்துணை ஒற்றுமை இருந்தும், நோய்க்குப் பின் கிட்டும் மருத்துவமும் மீட்சியும் எல்லார்க்கும் ஒன்றாக வாய்ப்பதில்லை. அவ்வேற்றுமையின் வேர்களைக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தமிழரின் வரலாற்றில் தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

பெயரும் நோயும்

வளி, அழல், ஐயம் என்னும் மூன்றால் உடலின் இயக்கத்தை விளக்கிய மருத்துவ மரபில், அசைவு நின்றுபோதல் வளியின் கோளாறாகக் கொள்ளப்பட்டது. அக்கால அறிவுக்கு அது பொருந்திய விளக்கமே. 1658இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் வெப்ஃபர், இந்நோயால் இறந்தோரின் மூளையில் குருதி கசிந்திருந்ததைக் கண்டு எழுதினார். மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ இந்நோய் நேர்கிறது என்பது இன்று தெளிந்த செய்தி. பெயர் மட்டும் பழைய விளக்கத்தைச் சுமந்து நிற்கிறது. காற்று என எண்ணுபவர் எண்ணெய் தேய்த்துவிட ஆள் தேடுவார். குருதிக்குழாய் என எண்ணுபவர் மருத்துவமனைக்குப் போக வண்டி தேடுவார். வண்டி தேடியவர்க்கும் வழி எளிதாய் இருந்ததா என்பது அடுத்த வினா.

தோட்டமும் மருந்தகமும்

ஒராங் அஸ்லி மக்கள் வாழ்ந்த இம்மலைப்பகுதியை 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்தார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதனையொட்டிய ஆண்டுகளில் தாப்பாவிலிருந்து மலையேறும் சாலையும் பயன்பாட்டுக்கு வந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இலேயே ஒழிக்கப்பட்டிருந்தது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்தது. இவ்விரு எல்லைகளுக்கு இடைப்பட்ட கங்காணிமுறைக் காலத்தின் கடைசிப் பகுதியில்தான் இங்குள்ள லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றின.

உறையுளும் மருத்துவமும் தருவது தோட்ட முதலாளியின் கடமை என அன்றைய தொழிலாளர் சட்டம் வகுத்தது. தோட்ட மருந்தகத்தில் ‘டிரசர்’ இருந்தார். காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, வெட்டுக்காயம் முதலியவற்றுக்கு அவரே மருத்துவர். விடுதலைக்குப் பின் 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. இவ்வமைப்பு பல உயிர்களைக் காத்தது என்பதை மறுத்தல் தகாது. எனினும் அது வேலையோடு பிணைந்த மருத்துவம். உழைக்கும் உடலை மீண்டும் நிரைக்கு அனுப்புவதே அதன் இலக்கு. பக்கவாதமோ பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த உடலைத் தாக்குவது. முன்கூட்டியே குருதி அழுத்தத்தையும் தோட்டத்தார் ‘இனிப்புநீர்’ என்னும் நீரிழிவையும் ஆண்டுக்கணக்கில் கவனித்துவந்தால் பெரிதும் தவிர்க்கத்தக்கது. அத்தகைய நெடுங்காலக் கவனிப்பு அப்பழைய அமைப்பின் எல்லைக்குள் வரவில்லை.

அதன் விளைவு இன்றும் காணத்தக்கது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், நாட்டின் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியருள் அது 31.4 விழுக்காடு. மரபணுக்கூறு இதில் ஒரு பங்கு வகிக்கிறது. உணவு, வருமானம், மருத்துவத்தை அணுகும் வாய்ப்பு ஆகியனவும் பங்கு வகிக்கின்றன. தென் லண்டனில் 1995 முதல் நடைபெற்றுவரும் பக்கவாதப் பதிவேடும் வெள்ளையரினும் கறுப்பினத்தார்க்கு இந்நோய் மிகுதியாகவும் இளவயதிலேயும் வருவதைக் காட்டியுள்ளது.

மலைச்சாலையும் மணிக்கணக்கும்

குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கிய 3 மணி நேரத்துக்குள் செலுத்தினால் பயன் உண்டு என 1995இல் அமெரிக்க ஆய்வொன்று நிறுவியது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு அவ்வெல்லையை நாலரை மணியாக நீட்டியது. அதற்கு முன் மூளையைப் படமெடுத்து, குருதிக்கசிவு இல்லை என உறுதி செய்தல் வேண்டும். கேமரன் மலை பகாங் மாநிலத்தில் இருப்பினும் அதன் முதன்மைச் சாலைகள் பேராக் மாநிலத்துக்கே இறங்குகின்றன. தானா ராத்தாவில் மாவட்ட மருத்துவமனை உண்டு. ஈப்போவின் பெரிய மருத்துவமனையோ ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைவுச் சாலைக்கு அப்பால் இருக்கிறது. இத்தொலைவு மலையில் வாழும் எல்லா இனத்தார்க்கும் பொது. ஆயின் தேயிலைச் சரிவுகளுக்குள் லயத்தில் தனித்திருக்கும் முதியவர்க்கு, பிள்ளைகள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்ட நிலையில், அது இருமடங்காகிறது.

இழந்த பேச்சு எம்மொழியில் திரும்பும்?

உயிர் பிழைத்தோர் பலர்க்குப் பேச்சு போய்விடுகிறது. மூளையின் இடப்பாதியில் ஒரு பகுதி சிதைந்தால் பேச்சு குலைவதை 1861இல் புரோக்கா காட்டினார். பன்மொழியாளர்க்கு மிகவும் பழகிய மொழியே முதலில் மீளும் என 1895இல் பித்ர் கருதினார். எல்லாரிடமும் அவ்வாறு நிகழ்வதில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே நோயாளி பேசிய ஒவ்வொரு மொழியிலும் சோதித்தறிவதே முறை.

நம் நாட்டில் பேச்சு மருத்துவப் பட்டக்கல்வி 1995இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தமிழறிந்த பேச்சு மருத்துவர் கிட்டாத இடத்தில் என்ன நேரும் என எண்ணிப் பாருங்கள். கடைத்தெரு மலாய் மட்டும் அறிந்த கொழுந்து பறித்த மூதாட்டியை மலாயில் சோதித்தால், அளக்கப்படுவது அவர்தம் மூளை அன்று. அவர் பெறாத பள்ளிப்படிப்பு. செந்தமிழில் சோதித்தாலும் நிலை பெரிதும் மாறாது. சாலையின் படத்தைக் காட்டினால் அவர் ‘சடக்கு’ என்பார். சந்தையைப் ‘பசார்’ என்பார். சிற்றூரைக் ‘கம்பம்’ என்பார். தோட்டத் தமிழ் அறியாதவர் இவற்றை நோயால் பிறழ்ந்த சொற்கள் எனக் குறித்துவிடக்கூடும். உண்மையில் அவை நோய் தொடாது விட்ட சொற்கள். மீட்சியைத் தொடங்கவேண்டிய இடமும் அவைதாம். ‘சாப்பிடுங்கள்’ என்பதைக் கேட்டு வாளாவிருப்பவர் ‘பசியாறிட்டீங்களா?’ என்பதற்குத் தலை நிமிரலாம்.

வினைமுற்றில் திணை, பால், எண், இடம் காட்டும் மொழி தமிழ். வேற்றுமை உருபு எங்கே விடுபடுகிறது, வினையீறு எங்கே பிறழ்கிறது என்று கேட்டறியத் தமிழ் இலக்கணம் அறிந்த செவி வேண்டும். தமிழாசிரியர் பேச்சு மருத்துவர்க்குத் துணைநிற்கக் கூடிய இடம் இது.

மாணவர்கள் தத்தம் பாட்டன் பாட்டியரின் தோட்டச் சொற்களைப் பொருளோடும் ஒலிப்போடும் தொகுப்பார்களாக. அத்தொகுப்பிலிருந்து படம் பார்த்துச் சொல்லும் சோதனைகளை மருத்துவர்களோடு சேர்ந்து உருவாக்கலாம். வகுப்பறையில் பக்கவாதம் என்னும் சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ எண்ணெய்க்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும் அச்சொல்லின் பொருளாகவே கற்பித்தல் வேண்டும். மலைச்சாலையைக் குறுக்குவது நம் கையில் இல்லை. இவ்விரண்டும் நம் கையில் உள்ளன.