குண்டுக்குப் பயிற்சி எடுத்தோம், வந்தது தண்ணி

இந்த எபிசோடை எனக்கு நடந்த ஒரு அசிங்கத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். கொரட்டூர்ல எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. நாலு வீடு தள்ளி ஒரு பாட்டி தனியா மாட்டிக்கிட்டாங்கன்னு கேட்டதும் இறங்கிட்டேன். பத்தடி கூடப் போகல, மூடி இல்லாத வடிகால்ல கால் உள்ள போயிடுச்சு. எதிர்வீட்டு அண்ணன் துணி காயப்போடுற கொடிக்கயிறை அவுத்து வீசி என்னை இழுத்தார். பாட்டியைப் படகுல வந்தவங்கதான் மீட்டாங்க. காப்பாத்தப் போன என்னைக் காப்பாத்த இன்னொரு ஆள் தேவைப்பட்டதுதான் மிச்சம்.

அதுக்கு அப்புறம்தான் தன்னார்வலர் பயிற்சிக்குப் போனேன். முதல் பாடமே, "தண்ணியில இறங்காதே." முதல்ல குரல் கொடு. கம்பு நீட்டு. எட்டலைன்னா கயிறு வீசு. அப்புறம் படகு. நீந்திப் போறது கடைசி வழி, அதுவும் பழகினவங்களுக்கு மட்டும். நடந்தே ஆகணும்னா, கம்பால தரையைத் தட்டிப் பார்த்துட்டு அடுத்த அடி வை. காலியான 20 லிட்டர் தண்ணி கேனை இறுக்கி மூடிக் கட்டினா மிதவை. மெக்கானிக்கல் படிச்சு, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல பாஸ் பண்ணினவன் நான். இது எதுவும் எனக்குத் தெரியாது.

ஏன் யாரும் சொல்லித் தரல? இந்தக் கேள்விதான் என்னை வரலாற்றுக்குள்ள இழுத்துட்டுப் போச்சு.

1942 ஏப்ரல். ஜப்பான் விமானங்கள் கொழும்பு மேல குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. மெட்ராஸ்ல ஜனங்க ஊரைக் காலி பண்ணினாங்க. ஏ.ஆர்.பி. என்கிற விமானத் தாக்குதல் தற்காப்பு அமைப்புல சாதாரண மக்களுக்குப் பயிற்சி நடந்தது: விளக்கை அணைக்கிறது, மணல் கொட்டித் தீயை அணைக்கிறது, முதலுதவி. 1943 அக்டோபர்ல ஒரே ஒரு ஜப்பான் விமானம் வந்து குண்டு போட்டுட்டுப் போச்சு. பெரிய சேதம் இல்ல. ஆனா அதே மாசம் பெருமழை, வெள்ளம். நகரத்தைப் புரட்டிப் போட்டது தண்ணிதான்.

இதுல இருந்து பாடம் கத்துக்கிட்டோமா? 1962 சீனப் போருக்குப் பிறகு மறுபடி குடிமைப் பாதுகாப்புப் பேச்சு வந்தது. 1968ல் அதற்குத் தனிச் சட்டம். தனுஷ்கோடியைப் புயல் அழிச்சு நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தச் சட்டம் பேசினது எதிரித் தாக்குதலைப் பத்தி மட்டும். பேரிடரும் இந்தத் தொண்டர்கள் வேலைதான்னு சட்டத்துல சேர்த்தது 2009 திருத்தம். இடையில 41 வருஷம். முதலுதவியும் ஸ்ட்ரெச்சர் தூக்குறதும் எதுக்கும் உதவும், ஒத்துக்கிறேன். ஆனா யாரை எதிரின்னு நினைக்கிறோமோ, அதுக்குத்தான் பழகுறோம்.

2004 சுனாமிக்கு அப்புறம் கதை மாறுது. 2005ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம். 2006ல் தேசியப் பேரிடர் மீட்புப் படை. அதோட 4வது பட்டாலியன் இருக்கிற இடம் அரக்கோணம். ஆமா, கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி வழியா நாம தொங்கிட்டுப் போற அதே லோக்கல் ரயில் போற ஊர்.

ஆனா வெள்ளத்துல ரயிலும் ஓடாது, ரோடும் இருக்காது. 2015 டிசம்பர்ல, பூந்தமல்லிக்குப் பக்கத்துல இருக்கிற செம்பரம்பாக்கம் ஏரியில இருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தப்போ, முதல்ல ஓடினது பக்கத்துத் தெரு ஆட்கள். படை வந்து சேர்ற வரைக்கும் இருக்கிற அந்தச் சில மணி நேரம் உள்ளூர்க்காரங்க கையிலதான்.

அந்த இடைவெளிக்காகத்தான் 2016ல் 'ஆப்த மித்ரா' திட்டம்: 30 மாவட்டங்கள்ல 6,000 தன்னார்வலர்கள், 12 நாள் பயிற்சி. 2021ல் இலக்கு 350 மாவட்டங்கள், ஒரு லட்சம் பேர். வகுத்துப் பாருங்க, மாவட்டத்துக்கு 300 பேர் கூட வரல. 2011 கணக்குப்படி அம்பத்தூர்ல மட்டும் நாலரை லட்சம் பேருக்கு மேல.

அதனால அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி ஒரு வேலை. உங்க தெருவுல தனியா இருக்கிற பெரியவங்க யாரு, நடக்க முடியாதவங்க யாரு, எந்த வடிகாலுக்கு மூடி இல்லன்னு எழுதி வைங்க. பயிற்சி கிடைச்சா விடாதீங்க.

எங்க மாடிப்படிக்கு அடியில இப்போ ஒரு கம்பு, 15 மீட்டர் கயிறு, ரெண்டு காலி கேன் இருக்கு. எதிர்வீட்டு அண்ணனுக்கும் ஒரு புதுக் கயிறு வாங்கிக் கொடுத்துட்டேன். அவரோட கொடிக்கயிறை மட்டும் திருப்பித் தர மனசு வரல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.