விடுதலை இலக்கியமும் மொழியும்

அயலாட்சியை எதிர்த்த இலக்கியம் எம்மொழியில் எழுந்தது என்பது ஆராயத்தக்கது. பிலிப்பைன் நாட்டு ஹோசே ரிசால், 'நோலி மே தாங்கரே' என்னும் புதினத்தை ஆள்வோர் மொழியாகிய இசுப்பானியத்தில் எழுதி, 1887-இல் பெர்லினில் அச்சிட்டார். 1896-இல் மணிலாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மொழி அறியாதார் அந்நாட்டில் மிகப் பலர். நூல் கற்றோர் நெஞ்சையே முதற்கண் கனல்வித்தது.

குமாரபாளையத்தைத் தழுவிச் செல்லும் காவிரியின் வடகரையூராகிய மோகனூரில் 1888-இல் பிறந்த நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளையோ தமிழிலேயே பாடினார். 1930-இல் இராசாசி தலைமையில் திருச்சிராப்பள்ளியினின்றும் வேதாரணியத்திற்கு உப்பெடுக்கச் சென்ற தொண்டர்க்கு அவர் பாடலே வழிநடைப் பாட்டாயிற்று. அதனை ஏற்க எழுத்தறிவு வேண்டப்படவில்லை, செவியே போதுமானதாயிற்று.

ஆகவே, எதிர்ப்பிலக்கியத்தின் ஆற்றலை அளக்குங்கால், அதன் கருத்தை மட்டுமன்றி, அது யாவரைச் சென்றடைந்தது என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும்.