கனடாவில் பிரெஞ்சு - ஆங்கில மொழி உரிமைச் சிக்கல்: பின்னணி என்ன?

கனடா கூட்டாட்சி அரசின் அலுவல் மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆகும். ஆனால், மக்கள்தொகையில் அந்நாட்டின் இரண்டாவது பெரிய மாகாணமான கியூபெக்கில் பிரெஞ்சு மட்டுமே ஆட்சிமொழி. இவ்விரு ஏற்பாடுகளுக்கும் இடையிலான முரண்பாடு அரை நூற்றாண்டுக்கும் மேலாக சட்டமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் நீடித்து வருகிறது. கியூபெக்கில் 2022-ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட 96-ஆவது மசோதா அந்த விவாதத்தை மீண்டும் கூர்மையாக்கியுள்ளது.

சிறுபான்மையினர் யார் என்பதே இச்சிக்கலின் மையக் கேள்வி. கனடா முழுவதையும் கணக்கில் கொண்டால் பிரெஞ்சு பேசுவோர் சிறுபான்மையினர். கியூபெக் மாகாணத்தை மட்டும் கணக்கில் கொண்டால் ஆங்கிலம் பேசுவோர் சிறுபான்மையினர். இரு தரப்பினரும் தத்தம் மொழிக்குப் பாதுகாப்பு கோருகின்றனர். ஒரு தரப்புக்கு அளிக்கப்படும் பாதுகாப்பு, மறு தரப்புக்குக் கட்டுப்பாடாகத் தோன்றுகிறது.

அச்சத்தின் வேர்

வட அமெரிக்காவில் பிரான்ஸ் வசமிருந்த நிலப்பகுதி, 1763-ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையின் மூலம் பிரிட்டன் வசமானது. அங்கு வாழ்ந்த பிரெஞ்சு மக்களின் உரிமையியல் சட்டத்தையும் கத்தோலிக்க சமய வழிபாட்டையும் 1774-ஆம் ஆண்டின் கியூபெக் சட்டம் அனுமதித்தது. கனடா கூட்டாட்சி 1867-இல் உருவானபோது, கனடா நாடாளுமன்றத்திலும் கியூபெக் சட்டமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் இரு மொழிகளையும் பயன்படுத்தலாம் என்று அரசமைப்பின் 133-ஆவது பிரிவு உறுதியளித்தது.

எனினும், கியூபெக்குக்கு வெளியே பிரெஞ்சு மொழியின் இடம் சுருங்கியது. மானிடோபா மாகாணம் 1890-இல் பிரெஞ்சுக்கு இருந்த ஆட்சிமொழித் தகுதியை நீக்கியது. ஒன்டாரியோ மாகாணம் 1912-இல் பிறப்பித்த 17-ஆவது ஒழுங்குமுறை, பிரெஞ்சு வழிக் கல்வியைத் தொடக்கப் பள்ளியின் முதல் இரு ஆண்டுகளுடன் நிறுத்தியது. மானிடோபாவின் நடவடிக்கை செல்லாது என்று கனடா உச்ச நீதிமன்றம் 1979-இல்தான் தீர்ப்பளித்தது. ஆங்கிலத்தில் மட்டும் இயற்றப்பட்ட அம்மாகாணச் சட்டங்கள் அனைத்தும் செல்லாதவை என்றும், அவை மொழிபெயர்க்கப்படும் வரை தற்காலிகமாக அமலில் இருக்கும் என்றும் 1985-இல் அதே நீதிமன்றம் கூறியது.

கியூபெக்கிலும் பிரெஞ்சு பேசும் பெரும்பான்மையினர் பொருளாதாரத்தில் பின்தங்கியிருந்தனர். இருமொழிக் கொள்கையை ஆராய 1963-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம், 1961-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தரவுகளை ஆய்வு செய்தது. கியூபெக்கில் வருமான அடிப்படையில் வரிசைப்படுத்தப்பட்ட 14 இனப் பிரிவுகளில் பிரெஞ்சு வம்சாவளி ஆண்கள் 12-ஆவது இடத்தில் இருந்தது அதில் தெரியவந்தது. மாண்ட்ரியல் நகரின் பெரிய நிறுவனங்களில் உயர் பதவிகளின் மொழி ஆங்கிலமாகவே இருந்தது.

101-ஆவது மசோதா

இந்த ஆணையத்தின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, கூட்டாட்சி அரசின் அலுவல் மொழிகள் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. ஆனால் கியூபெக்கின் கவலை அதனால் தீரவில்லை. பிரெஞ்சு குடும்பங்களில் பிறப்பு விகிதம் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. புலம்பெயர்ந்து வந்தவர்களோ தம் பிள்ளைகளைப் பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளிகளிலேயே சேர்த்தனர். மாண்ட்ரியலை அடுத்த செயின்ட் லியோனார்டில் 1960-களின் இறுதியில், இத்தாலிய வம்சாவளிக் குழந்தைகள் எம்மொழிப் பள்ளியில் பயில வேண்டும் என்பதில் மோதல் வெடித்தது.

முதல்வர் ராபர்ட் புராசா தலைமையிலான லிபரல் அரசு 1974-இல் பிரெஞ்சை மாகாணத்தின் ஆட்சிமொழியாக்கியது. அடுத்து, 1976-இல் ரெனே லெவெக் தலைமையில் கியூபெக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அந்த அரசு 1977 ஆகஸ்டில் நிறைவேற்றிய பிரெஞ்சு மொழிச் சாசனமே 101-ஆவது மசோதா என்ற பெயரில் இன்றும் அறியப்படுகிறது.

அதன்படி, பெற்றோரில் ஒருவர் கியூபெக்கில் ஆங்கில வழித் தொடக்கக் கல்வி பெற்றிருந்தால் மட்டுமே பிள்ளை ஆங்கில அரசுப் பள்ளியில் சேர முடியும். 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள் பிரெஞ்சில் இயங்க வேண்டும். வணிகப் பெயர்ப் பலகைகளில் பிரெஞ்சு மட்டுமே இடம்பெற வேண்டும்.

இதன் விளைவுகள் இரு வகையானவை. 1970-களின் தொடக்கத்தில், தாய்மொழி ஆங்கிலமாகவோ பிரெஞ்சாகவோ இல்லாத மாணவர்களில் ஏறத்தாழ 85 சதவீதத்தினர் ஆங்கிலப் பள்ளிகளில் பயின்றனர். பிற்காலத்தில் அவர்களில் சுமார் 90 சதவீதத்தினர் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு மாறினர். இலங்கையிலிருந்து சென்று மாண்ட்ரியலில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் பிரெஞ்சுப் பள்ளிகளில் பயின்று மும்மொழி அறிந்த தலைமுறையாக வளர்ந்தனர்.

மறுபுறம், சன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் 1978-இல் தனது தலைமையகத்தை மாண்ட்ரியலிலிருந்து டொரண்டோவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் பலவும் வெளியேறின. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் 1971-இல் மாகாண மக்கள்தொகையில் சுமார் 13 சதவீதமாக இருந்தனர்; 2001-இல் சுமார் 8 சதவீதமாகக் குறைந்தனர்.

நீதிமன்றங்களில் பெயர்ப் பலகை

கனடாவின் உரிமைகள் மற்றும் சுதந்திரங்கள் சாசனம் 1982-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 23-ஆவது பிரிவு, ஒவ்வொரு மாகாணத்திலும் உள்ள ஆங்கில, பிரெஞ்சு சிறுபான்மையினரின் கல்வி உரிமையைப் பாதுகாக்கிறது. கனடாவின் எந்த மாகாணத்திலும் ஆங்கில வழியில் தொடக்கக் கல்வி கற்ற கனடியக் குடிமக்கள், கியூபெக்கில் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்க இதன் மூலம் வழி பிறந்தது. இதற்கு முரணான கியூபெக் விதியை உச்ச நீதிமன்றம் 1984-இல் ரத்து செய்தது.

பெயர்ப் பலகை விவகாரத்தின் போக்கு வேறாக அமைந்தது. மாண்ட்ரியலின் புறநகரில் கம்பளி நூல் விற்ற ஒரு கடையின் பலகையில், கம்பளி என்ற சொல் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருந்தது. அக்கடை உள்ளிட்டவை தொடர்ந்த வழக்கில், பிற மொழிகளை முற்றாகத் தடை செய்வது கருத்துச் சுதந்திரத்தை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1988 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பிரெஞ்சு மேலோங்கித் தெரிய வேண்டும் என்று கோருவது ஏற்புடையதே என்றும் அது கூறியது.

அத்தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே புராசா அரசு சாசனத்தின் 33-ஆவது பிரிவைப் பயன்படுத்தி, கடைகளின் வெளிப்புறப் பலகைகளில் பிரெஞ்சு மட்டுமே என்ற விதியை மீண்டும் கொண்டுவந்தது. கருத்துச் சுதந்திரம் உள்ளிட்ட சில உரிமைகளை மீறினாலும் ஒரு சட்டம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்று சட்டமன்றம் அறிவிக்க இப்பிரிவு இடமளிக்கிறது. ஆனால் கல்வி உரிமைக்கான 23-ஆவது பிரிவை இதன் மூலம் ஒதுக்கிவைக்க முடியாது. இதனால்தான் பள்ளி வழக்கில் பணிய நேர்ந்த மாகாண அரசு, பலகை வழக்கில் தீர்ப்பைக் கடந்து செல்ல முடிந்தது.

இப்பிரச்னை ஐ.நா. மனித உரிமைக் குழு வரை சென்றது. ஒரு நாட்டின் ஒட்டுமொத்த மக்கள்தொகையைக் கொண்டே சிறுபான்மை கணக்கிடப்படும் என்பதால், கியூபெக்கின் ஆங்கிலேயர்கள் சர்வதேச உடன்படிக்கையின்படி சிறுபான்மையினர் ஆகமாட்டார்கள் என்று அக்குழு 1993-இல் கருத்துத் தெரிவித்தது. அதேவேளையில், தடை கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்றும் கூறியது. அதே ஆண்டில் கியூபெக் சட்டத்தைத் திருத்தி, பிரெஞ்சு மேலோங்கியிருந்தால் பிற மொழிகளும் இடம்பெறலாம் என அனுமதித்தது.

மொழிப் பிரச்னையுடன் தனிநாடு கோரிக்கையும் பிணைந்திருந்தது. 1980-ஆம் ஆண்டு பொது வாக்கெடுப்பில் சுமார் 60 சதவீதத்தினர் பிரிவினைத் திட்டத்தை நிராகரித்தனர். 1995-இல் அந்த வேறுபாடு மிகவும் குறுகியது: எதிர்ப்பு 50.58 சதவீதம், ஆதரவு 49.42 சதவீதம்.

96-ஆவது மசோதா

கியூபெக்கில் வீட்டில் பிரதானமாக பிரெஞ்சு பேசுவோர் 2016-இல் 79 சதவீதமாக இருந்தனர். 2021 கணக்கெடுப்பில் 77.5 சதவீதமாகக் குறைந்தனர். இத்தகைய சரிவைச் சுட்டிக்காட்டி, முதல்வர் பிரான்சுவா லெகோ அரசு கொண்டுவந்த 96-ஆவது மசோதா 2022 மே 24-ஆம் தேதி 78-29 என்ற வாக்குகளில் நிறைவேறியது.

புலம்பெயர்ந்து வருவோருடன், அவர்கள் வந்து ஆறு மாதங்கள் கடந்த பிறகு அரசு பிரெஞ்சில் மட்டுமே தொடர்புகொள்ளும் என்பது அதன் முக்கிய விதி. சுகாதாரம், பொதுப் பாதுகாப்பு உள்ளிட்டவற்றுக்கு விலக்கு உண்டு. பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்ட கல்லூரிகளில், ஆங்கில வழி மாணவர் எண்ணிக்கை மொத்தத்தில் 17.5 சதவீதமாக வரம்பிடப்பட்டது. 25 முதல் 49 ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களும் 2025 ஜூன் 1 முதல் பிரெஞ்சுமயமாக்கல் விதிகளின் கீழ் வந்தன. அதே நாள் முதல், கடை முகப்பில் பிற மொழிக்கு உள்ள இடத்தைப் போல் இரு மடங்கு இடம் பிரெஞ்சுக்கு அளிக்கப்பட வேண்டும்.

ஆங்கிலம் பேசும் அமைப்புகள் இதைக் கடுமையாக எதிர்த்தன. கியூபெக்கில் ஆங்கிலத்தை முதன்மை அலுவல் மொழியாகக் கொண்டோர் 10 லட்சத்துக்கும் அதிகம். மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் தம் மொழியில் சேவை தொடருமா என்பது அவர்களின் கவலை. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்ட மோஹாக் உள்ளிட்ட பூர்வகுடிகளோ, தங்கள் மீது மூன்றாவதாக ஒரு மொழி சுமத்தப்படுவதாகக் குற்றம்சாட்டினர்.

கியூபெக்குக்கு வெளியே சுமார் 10 லட்சம் பிரெஞ்சு மக்கள் இதே கவலையை மறுதிசையில் சந்திக்கின்றனர். ஒன்டாரியோ அரசு 2018-இல் பிரெஞ்சு மொழிச் சேவைகளுக்கான சுயேச்சையான ஆணையர் அலுவலகத்தை நீக்கியபோது அங்கு பெரும் போராட்டங்கள் வெடித்தன. கனடாவிலும் வட அமெரிக்காவிலும் பிரெஞ்சு சிறுபான்மை நிலையில் உள்ளது என்பதை, 2023-இல் திருத்தப்பட்ட கூட்டாட்சி அலுவல் மொழிகள் சட்டம் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது.

அடுத்தது என்ன?

96-ஆவது மசோதாவுக்கும் 33-ஆவது பிரிவின் பாதுகாப்பு முன்கூட்டியே அளிக்கப்பட்டுள்ளது. அந்த அறிவிப்பு ஐந்து ஆண்டுகளில், அதாவது 2027-இல் காலாவதியாகும். அதை நீட்டிக்க வேண்டுமெனில் கியூபெக் சட்டமன்றம் மீண்டும் வாக்களித்தாக வேண்டும். நீட்டிக்காவிட்டால், கருத்துச் சுதந்திரத்தின் அடிப்படையில் அச்சட்டத்தின் விதிகளை எதிர்த்து நீதிமன்றத்தை நாட வழி திறக்கும். பள்ளிக் கல்வி, சட்டமன்ற மற்றும் நீதிமன்ற மொழி ஆகியவற்றில் அரசமைப்பு அளித்துள்ள உறுதிமொழிகளை எந்த வாக்கெடுப்பாலும் இவ்வாறு ஒதுக்கிவைக்க இயலாது.