ஸ்காண்டிநேவியத் தளவாடம்: அலோர் காஜா வட்டாரத்தில்

வெளிர் நிற மரம், ஒல்லியான கால், பூவேலை இல்லாத முதுகு: மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜாவில் ஸ்காண்டிநேவியத் தளவாடம் என்றால் இதுதான். கூடவே ஐக்கியா என்ற பெயரும் வந்துவிடும். அது மலிவா, ஆடம்பரமா என்பதில் மட்டும் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் பேச்சு மாறியிருக்கிறது.

'எல்லாருக்கும் அழகு' என்று சுவீடனின் எழுத்தாளர் எல்லன் கே எழுதியது 1899இல். ஆனால் இந்தப் பாணிக்குப் புகழ் வாங்கித் தந்தவை எல்லாருக்கும் எட்டாத கைவேலை நாற்காலிகள். டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடித்த நாற்காலியில்தான் 1960ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின் தொலைக்காட்சி விவாதத்தின்போது கென்னடி உட்கார்ந்தார். விலையை இறக்கியது 1943இல் இங்வார் கம்பிராட் தொடங்கிய ஐக்கியா. 1956 முதல் மேசைக் காலைக் கழற்றித் தட்டைப் பெட்டியில் அடைத்து விற்றார்கள். வண்டிக்கூலி மிச்சம், பூட்டும் வேலை வாங்குபவர் தலையில்.

மலேசியாவில் முதல் ஐக்கியா 1996இல் பெட்டாலிங் ஜெயாவில் திறந்தது; 2003இல் முத்தியாரா டாமன்சாராவுக்கு மாறியது. பிறகு செராஸ், தெப்ராவ், பத்து காவான். 2019 வரை திறந்த இந்த நான்கில் ஒன்றும் மலாக்காவில் இல்லை. சிம்பாங் அம்பாட்டில் நெடுஞ்சாலை ஏறிப் போய்வரும் குடும்பத்துக்கு டோல், பெட்ரோல், அங்கேயே சாப்பாடு எல்லாம் சேர்ந்துதான் அலமாரியின் விலை. சுவீடனில் மாணவர் அறைக்கு வாங்கும் சாமான், இங்கே தாமான் வீட்டுக்குக் குடிபோகிறவர்களின் சாமான் ஆனது இப்படித்தான்.

இந்த வட்டாரத்துக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு; என் கணக்கில் அதுவே பெரிது. மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டது மலாக்கா மாநிலத்தில்தான்: 1896, புக்கிட் லிந்தாங், நட்டவர் டான் சாய் யான். இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் வெட்டியபின் மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். சாய்ந்த மரம் லயத்து அடுப்புக்கும் புகைக்கூடத்துக்கும் விறகு. அதில் கட்டில் செய்ய யாரும் நினைக்கவில்லை, காரணமும் இருந்தது. மாவுச்சத்து மிகுந்த மரம். அறுத்த சில நாளிலேயே நீலம் பாரிக்கும், வண்டு துளைத்து மாவாய் உதிர்க்கும். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை கைவந்த பிறகே, 1980களில், அது தளவாட மரமானது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோது சாய்த்த மரங்களும் ஆலைகளுக்குப் போயின. ஏற்றுமதியில் அதற்கு 'மலேசிய ஓக்' என்று பெயர் வைத்தார்கள். ஓக் மரத்துக்கும் அதற்கும் உறவே இல்லை.

தெற்கே, மாநில எல்லை தாண்டினால் மூவார். நாட்டின் தளவாடத் தொழிலுக்குத் தலைநகர் மாதிரி. அங்கே வெளிர் ரப்பர் மரத்தில் ஸ்காண்டிநேவியப் பாணி மேசைகள் செய்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். அப்படி ஒரு மேசையைக் கவிழ்த்துப் பார்த்தால், இரு கை விரல்களைக் கோத்தது போலப் பல்பல்லாய் இணைத்த கோடுகள் தெரியும். ரப்பர் மரத்தில் நீளப் பலகை கிடைப்பது அரிது. துண்டு துண்டாகக் கோத்துத்தான் நீளமாக்குகிறார்கள்.