ராயர் குடித்த நல்லெண்ணெய்

எங்கள் ஊர் சந்திரகிரி, திருப்பதிக்குப் பக்கத்தில். ஆந்திராதான், ஆனால் எங்கள் வீட்டில் பேச்சு தமிழில். சித்தூர்ப் பக்கம் இதெல்லாம் சகஜம். கோட்டைக்குள் இருக்கும் ராஜ மகாலைச் சுற்றித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. "ராயர் மாதிரி விடியறதுக்கு முன்னாடி எழுந்து உடம்பை வளைடா" என்பார் தாத்தா. எந்த ராயர், எப்படி வளைத்தார் என்று நான் கேட்டதில்லை. பி.காம். படித்தேன், பேங்க் வேலைக்குப் போனேன், டொராண்டோ வந்தேன். உடம்பை வளைக்காமலேயே நாற்பத்தாறு வயது ஆகிவிட்டது.

போன மாதம் இரண்டு விஷயங்கள் ஒரே வாரத்தில் நடந்தன. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1 என்று டாக்டர் சொன்னார். இந்த ஊர்க் கணக்கில் 6.0 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் வாசற்படி. அன்று இரவு சாப்பிடும்போது பதினேழு வயது மகன் கேட்டான்: "அப்பா, ஜிம்ல ஒருத்தன் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடறான். ரெண்டு மாசத்துல ஆளே மாறிட்டான். நானும் போட்டுக்கவா?" அம்மணி கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

பதில் தெரியாமல் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் தாத்தாவின் ராயர் கிடைத்தார்.

1520ஐ ஒட்டி விஜயநகரம் வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பயஸ், கிருஷ்ணதேவராயரின் காலைப் பொழுதை எழுதி வைத்திருக்கிறார். 1900-ல் ராபர்ட் சிவெல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். விடிவதற்கு முன் ராயர் முக்கால் பைண்ட் நல்லெண்ணெய் குடிப்பாராம். உடம்பு முழுக்க எண்ணெய் பூசிக்கொண்டு, மண்ணால் செய்த பெரிய எடைகளைத் தூக்குவாராம். குடித்த எண்ணெய் எல்லாம் வியர்வையாக வெளியேறும்வரை வாள் பயிற்சி. பிறகு மல்லனோடு குஸ்தி, அதன்பின் விடியும்வரை குதிரைச் சவாரி.

இந்த ராயருக்கும் எங்கள் ஊருக்கும் தொடர்பு உண்டு. அவருடைய அப்பா நரச நாயக்கர், சந்திரகிரியிலிருந்து எழுந்த சாளுவ நரசிம்மரின் தளபதி. ராயரின் தம்பி அச்சுதர் எங்கள் கோட்டையில்தான் காவலில் வைக்கப்பட்டிருந்தார் என்று நூனிஸ் என்ற இன்னொரு போர்ச்சுக்கீசியர் எழுதுகிறார். 1529-ல் அந்தத் தம்பியே அரசரானார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பயஸ் இன்னொன்றும் சொல்கிறார்: ராயர் நடுத்தர உயரம், நல்ல தோற்றம், ஆனால் ஒல்லி என்பதைவிடப் பருமன் என்றே சொல்ல வேண்டும். தினமும் இத்தனை கசரத்து செய்தவர் பருமனா?

பேங்க்காரன் புத்தி, கணக்குப் போட்டேன். முக்கால் பைண்ட் என்றால் சுமார் 400 மில்லி. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி. முழுவதும் ஜீரணமானால் 3,300 கலோரி! நானும் நீங்களும் ஒரு மணி நேரம் ஜிம்மில் வியர்த்தால் போவது 300 முதல் 500 வரைதான். மேலும், குடித்த எண்ணெய் வியர்வையில் வெளியேறாது. வியர்வை என்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். 10 கிலோ கொழுப்பு கரைந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, மிச்சம் தண்ணீராகிறது என்று 2014-ல் ஆஸ்திரேலியர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். பிளாஸ்டிக் உடுப்பு மாட்டிக்கொண்டு ஓடும் நண்பர்கள் மன்னிக்கவும் :-)

எடை தூக்கினால் தசை வளரும். கொழுப்பு குறைவது முக்கியமாகத் தட்டில்தான் முடிவாகிறது. இதில் கேஷியர் வேலை பார்ப்பது இன்சுலின். 1921-ல் இதே டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் கண்டுபிடித்தது. சாப்பிட்டதும் சுரந்து, சர்க்கரையைத் தசைக்குள் அனுப்பும். கொழுப்புக் கணக்கில் வரவை மட்டும் அனுமதித்து, எடுப்பை நிறுத்தி வைக்கும். தசை குறைந்து தொப்பை கூடினால் இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்பதில்லை. சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கும். அதுதான் என் 6.1.

"நான் குண்டே இல்லையே" என்கிறீர்களா? 2004-ல் லான்செட் இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது. புனேயின் யாக்னிக், லண்டனின் யுட்கின். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2! பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்மில் பலரின் கதை இது.

இனி மகனின் கேள்வி. ஊசி வேலை செய்யாது என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. 1996-ல் அமெரிக்காவில் ஷலேந்தர் பாசின் குழு பத்து வாரம் சோதித்தது. ஊசி இல்லாமல் எடை தூக்கியவர்களுக்குக் கொழுப்பில்லா எடை 1.9 கிலோ கூடியது. எடையே தூக்காமல் ஊசி மட்டும் போட்டவர்களுக்கு 3.2 கிலோ! அதையும் அவனிடம் சொன்னேன். பிறகு மிச்சத்தையும் சொன்னேன். வெளியிலிருந்து வரவு வந்தால் மூளை உள்ளூர் உற்பத்தியை நிறுத்திவிடும். விரைகள் சுருங்கும், விந்தணு குறையும். வளரும் வயதில் போட்டால் எலும்பு முனைகள் சீக்கிரமே மூடிக்கொண்டு உயரம் நின்றுவிடலாம். "உன் வயசுல ஊசியில்லாமலேயே அது உச்சத்துக்கு ஏறிட்டு இருக்குடா. எனக்குத்தான் வருஷத்துக்கு ஒரு சதவீதம் மாதிரி இறங்குது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நீங்களும் எடை தூக்குங்க" என்றான்.

இப்போது வாரம் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு நிலவறையில் இருவரும். என் தட்டில் சோறு பாதியானது, பருப்பும் முட்டையும் சுண்டலும் கூடின. பதினோரு மணிக்கு டிவி அணைகிறது, தூக்கம் குறைந்தாலும் ஹார்மோன் கணக்கு உதைக்கும் என்பதால். நல்லெண்ணெய் தோசைக்கு மட்டும், ஸ்பூனால் அளந்து.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவனைத் திருமலைக்குக் கூட்டிப்போக வேண்டும். கோயிலுக்குள் ராயர் இரண்டு தேவியரோடு கைகூப்பி நிற்கும் உலோகச் சிலை இருக்கிறது. மெல்லிய இடையோடுதான் வார்த்திருக்கிறார்கள். சிலையைப் பார், பயஸ் எழுதியதையும் மறக்காதே என்று சொல்ல வேண்டும். ஜிம் சுவரில் ஒட்டியிருக்கும் படங்களுக்கும் அதே பேச்சுதான்.