பதினாறு கோல்களின் வரலாறு

2022ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்துக் கும்லா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வீதியொன்று போடப்பட்டுக் கொண்டிருந்தது. அவ்வூரிற் பிறந்த அஸ்டம் ஒராவோன் என்ற பெண், பதினேழு வயதுக்குட்பட்ட மகளிருக்கான உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியில் இந்திய அணியின் தலைவியாகத் தெரிவு செய்யப்பட்டிருந்தார். அவரைக் கௌரவிக்கும் பொருட்டு அவருடைய வீட்டை நோக்கி அரசாங்கம் அமைத்த வீதி அது. அவ்வீதி வேலையில் நாட்கூலிக்கு உழைத்தவர்களுள் இருவர் அவரைப் பெற்ற தாயும் தந்தையுமாவர்.

இச்செய்தியைப் பத்திரிகைகள் உருக்கமான கதையாக வெளியிட்டன. நாம் அதனை ஒரு வரலாற்றுச் சான்றாகவே கொள்ள விரும்புகிறோம். அஸ்டம் பிறந்த ஒராவோன் பழங்குடி மக்களின் மொழியாகிய குருக், தமிழைப் போன்று திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மொழிநூல் கற்கும்போது சொற்பட்டியல்களில் மட்டும் நாம் சந்திக்கும் அம்மக்களைத் துன்பப்படும் மனிதராக, உழைக்கும் மனிதராகச் சந்திக்க ஓர் உதைபந்தாட்டப் போட்டி வேண்டியிருந்தது.

அப்போட்டியில் இந்தியச் சிறுமியர் பெற்ற பெறுபேறு யாவரும் அறிந்ததே. புவனேசுவர் நகரில் ஐக்கிய அமெரிக்காவிடம் 8 கோல்களாலும், மொறொக்கோவிடம் 3 கோல்களாலும், பிரேஸிலிடம் 5 கோல்களாலும் தோற்றனர். பெற்றுக்கொண்ட கோல்கள் பதினாறு, அடித்தது ஒன்றுமில்லை. இது கண்டு நகைத்தோரும் உளர், இரங்கினோரும் உளர். ஆயின், இப்பதினாறு கோல்களும் மூன்று ஆட்டங்களின் 270 நிமிடங்களில் மட்டும் விழுந்தவையா? அவை ஒரு நூற்றாண்டு வரலாற்றின் விளைவு என்பதே நம் கருத்து.

பெண்கள் உதைபந்தாட்டத்திற்குப் புதியவர்கள் என்பது ஒரு கட்டுக்கதை. முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஆடவர் போர்முனைக்குச் செல்ல, இங்கிலாந்தின் தொழிற்சாலைகளைப் பெண்கள் நிரப்பினர். பிரெஸ்டன் நகரின் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் ஓர் அணி அமைத்து ஆடினர். 1920 டிசெம்பர் 26ஆந் திகதி லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்களுடைய ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். அவ்வணியின் புகழ்பெற்ற வீராங்கனை லிலி பார், அப்போது பதினைந்து வயதுச் சிறுமி. அடுத்த ஆண்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலையிழந்து வீதிக்கு வந்தபோது, அவர்களுடைய குடும்பங்களின் பசி தீர்க்கப் பணம் திரட்டுவதற்காகப் பெண்கள் அணிகள் ஆடின.

இதற்குக் கிடைத்த பரிசு யாது? 1921 டிசெம்பர் 5ஆந் திகதி இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம், இவ்விளையாட்டுப் பெண்களுக்கு ஏற்றதன்று எனத் தீர்மானித்து, தன்னுடன் இணைந்த கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. பெண்ணுடலின் நலம் கருதியே தடை என்றனர். அப்பெண்கள் ஆலைகளில் வெடிகுண்டு செய்தபோது அந்த உடல்நலம் எவர் நினைவிலும் வரவில்லை. அத்தடை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நீடித்தது. 1941இல் பிரேஸில் அரசு, பெண்ணியல்புக்கு ஒவ்வாத விளையாட்டுக்களைச் சட்டத்தால் விலக்கியது. 1979 வரை அவ்விலக்கு நிலைத்தது. மேற்கு ஜெர்மனியின் சங்கம் 1955 முதல் 1970 வரை தடைவிதித்தது. ஆட்சி முறைகள் வேறு. தடையின் மொழி ஒன்றே.

தடையை மீறியவர்களும் இருந்தனர். 1971இல் சர்வதேசச் சம்மேளனத்தின் அங்கீகாரமின்றி மெக்சிக்கோவில் மகளிர் உலகக் கிண்ணப் போட்டி ஒன்று நடந்தது. அஸ்தேக்கா மைதானத்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறுதியாட்டத்தைக் கண்டனர். டென்மார்க் மெக்சிக்கோவை 3-0 என வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் சுசான் அகஸ்டெசன். அவருக்கும் வயது பதினைந்து. எனினும், பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கென ஓர் உலகக் கிண்ணத்தைச் சர்வதேசச் சம்மேளனம் நடத்தியது 2008இலேதான். ஆண் சிறுவருக்கு அத்தகைய போட்டி 1985இலேயே தொடங்கிவிட்டது. இடையிலுள்ள 23 ஆண்டுகளில் ஆடாமலே வயது கடந்த சிறுமியர் எத்தனை பேர்! அவர்களுடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

இந்தியாவுக்கு வருவோம். அந்நாட்டுப் பெண்கள் எப்போதும் பின்தங்கியவர்களாய் இருந்தாரல்லர். 1980இன் தொடக்கத்தில் கோழிக்கோட்டில் நிறைவுற்ற ஆசிய மகளிர் போட்டியிலும், 1983இல் பாங்கொக்கில் நடந்த போட்டியிலும் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. பெண்களுக்கெனத் தனிச் சம்மேளனம் இயங்கிய காலம் அது. பின்னர் வந்த நிருவாகத்தில் பெண்கள் ஆட்டம் ஆடவர் ஆட்டத்தின் வாலாகியது. ஆசியாவின் ஏனைய நாடுகள் முன்னேற, இந்தியா பின்தங்கியது.

உலகக் கிண்ணத்தை நடத்தும் உரிமை முதலில் 2020ஆம் ஆண்டுக்கே இந்தியாவுக்குக் கிடைத்தது. கொள்ளைநோய் காரணமாக அது ஒத்திவைக்கப்பட்டு, பின் கைவிடப்பட்டது. 2022ஆம் ஆண்டுப் போட்டி இந்தியாவுக்கு வழங்கப்பட்டபோது, 2003இலும் 2004இலும் பிறந்த சிறுமியர் வயதெல்லையைக் கடந்துவிட்டனர். நோயை எவரும் திட்டமிடவில்லை. ஆயினும் ஒரே வாய்ப்பை நம்பி வாழ்வோருக்கு அவ்வாய்ப்புத் தவறுவது ஒரு வாழ்வே தவறுவதாகும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வேறு கதவுகள் உள. நாட்கூலியின் மகளுக்கு எத்தனை கதவுகள் உள?

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், ஐரோப்பியப் பயிற்சிப் பயணத்தின்போது தகாத முறையில் நடந்தமைக்காக உதவிப் பயிற்றுநர் ஒருவர் அணியிலிருந்து நீக்கப்பட்டார். பெற்றோரைப் பிரிந்து பயிற்சி முகாமில் வாழும் சிறுமியரின் பாதுகாப்பு எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அது காட்டிற்று. அதே காலத்தில் தேசியச் சம்மேளனத்தின் தேர்தல் உரிய காலத்தில் நடவாமையால் உச்ச நீதிமன்றம் நிருவாகக் குழுவொன்றை நியமித்தது. அதனை வெளியார் தலையீடெனக் கொண்ட சர்வதேசச் சம்மேளனம், ஆகஸ்டு நடுப்பகுதியில் இந்தியாவை இடைநிறுத்தியது. 11 நாட்களின் பின் அது நீக்கப்பட்டது. நாற்காலிக்காகப் பெரியோர் சண்டையிட்டனர். போட்டி நடக்குமோ நடவாதோ என்று சிறுமியர் காத்திருந்தனர்.

இந்நிலையில் அவர்கள் முதலில் எதிர்கொண்ட அணி ஐக்கிய அமெரிக்காவினுடையது. அந்நாட்டு மகளிர் உதைபந்தாட்டத்தின் வலிமை எங்கிருந்து வந்தது? அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிலையங்களில் பால் வேறுபாடு காட்டலாகாது என 1972இல் அங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் முதன்மை வாசகத்தில் விளையாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும், பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் தம் மைதானங்களைப் பெண்களுக்குத் திறந்துவிட நேர்ந்தது. பெண்கள் நடத்திய போராட்டங்களின் பயனாக வந்த சட்டம் அது. முதலாளித்துவ நாடாயினும், அங்கும் உரிமை தானாகக் கனிந்து விழவில்லை. மொறொக்கோவும் அண்மைக் காலத்தில் மகளிர் ஆட்டத்திற்குப் பொதுப்பணத்தைத் திட்டமிட்டுச் செலவிட்டது. ஆகவே அந்தக் கோல்களை அடித்தவை கால்கள் மட்டுமல்ல. சட்டமும் பாடசாலையும் பொதுப்பணமுமாகும்.

இங்கே ஆசிரியர்களாகிய நாமும் நம்மை நோக்கி ஒரு கேள்வி கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். விளையாட்டுப் பாடவேளையில் மைதானம் யாருக்கு, மரநிழல் யாருக்கு? பந்து பையன்களின் கையில். பெண்பிள்ளைகள் நிழலில் அமர்ந்து கைவேலை செய்வர். இதனை நாம் நம் கண்ணாற் கண்டுள்ளோம். பல ஆண்டுகள் அதில் தவறொன்றும் காணாமலும் இருந்துள்ளோம். 1921ஆம் ஆண்டுத் தீர்மானம் எழுதப்பட்ட தீர்மானம். நம்முடையது எழுதப்படாத தீர்மானம். எழுதப்பட்டதை நீக்க அரை நூற்றாண்டு சென்றது.

வரலாறு அங்கேயே நின்றுவிடவில்லை. 2025 யூலையில் இந்திய மகளிர் தேசிய அணி தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வென்று, ஆசியக் கிண்ணப் போட்டிக்குத் தகுதி பெற்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் பதினேழு வயதுக்குட்பட்ட அணியும் உஸ்பெகிஸ்தானை வென்று தன் வயதுக்குரிய ஆசியக் கிண்ணத்திற்குத் தகுதி பெற்றது. 2022இல் உலகக் கிண்ணத்தில் இடம் கிடைத்தது போட்டியை நடத்தும் நாடு என்பதால். 2025இல் ஆசியக் கிண்ணத்தில் தமக்குரிய இடத்தைச் சிறுமியர் ஆடி ஈட்டினர். பதினாறு கோல்கள் வாங்கியவர்களைக் கண்டு நகைத்தோர் இதற்கு என்ன சொல்வர்?

வீராங்கனை ஒருத்தி தோன்றிய பின் அவள் வீட்டுக்கு வீதி போடும் வழக்கம், வீதியை உரிமையாகக் கொள்ளாது பரிசாகக் கொள்கிறது. அணிக்குத் தெரிவு செய்யப்படாத சிறுமியின் ஊரிலும் மழைக்காலத்தில் சேறு உண்டு. அங்கும் நோயாளரைச் சுமந்து செல்லவேண்டியிருக்கிறது. அடுத்த அணியின் தலைவி எவ்வூரிற் பிறப்பாள் என்பதை எவரும் அறியார். ஆதலால் எல்லா ஊர்களுக்கும் வீதி வேண்டும். எல்லாப் பாடசாலைகளிலும் மைதானத்திற் பாதி பெண்பிள்ளைகளுக்கு வேண்டும். மகளின் பெயர் தாங்கிய வீதியில் உழைக்கும் தாய்க்கு அவ்வுழைப்பின் நியாயமான கூலியும் வேண்டும். இவற்றைக் கேட்பது விளையாட்டுப் பேச்சன்று.